அடிபடுகிற பெண்ணுக்குத் துணை நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோரமாக மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம், கூட்டம் முடிந்த பிறகுதான் முக்கியமான பேச்சு தொடங்கும். ஒருவர் தயங்கி அருகில் வருவார். "எனக்கில்லை, எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு..." என்பார். சில நேரம் அந்தப் பெண் அவரேதான். ஆனால் பெரும்பாலானவர்கள் அக்காவுக்காகவோ, மகளுக்காகவோ, அடுத்த வீட்டுக்காரிக்காகவோ கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: முடிவெடுக்க வேண்டியவள் அவள். அந்த முடிவு அவளுக்கு ஆபத்தாக முடியாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இது மாறும். அது 12-ஆம் கேள்வியில் இருக்கிறது.

இந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. இவை இரவும் பகலும் இயங்கும், கட்டணம் கிடையாது.

1. அவர் கை நீட்டியதில்லை, வாய்தான் அப்படி. அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. உடலைத் துன்புறுத்துவது, பாலியல் துன்புறுத்தல், சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பொருளாதார ரீதியாக ஒடுக்குவது ஆகிய நான்கையும் அது வன்முறை என்கிறது. பிள்ளை இல்லை என்றோ ஆண் பிள்ளை இல்லை என்றோ இழிவுபடுத்துவதைச் சட்டம் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. கடற்பாசி எடுத்து விற்ற காசைப் பிடுங்கிக்கொள்வது, அவள் பெயரில் குழுக்கடன் வாங்கவைத்துத் தவணை கட்டாமல் விடுவது, கேட்காமல் அவள் நகையை அடகு வைப்பது எல்லாம் நான்காவது வகைக்குள் வரும்.

மனைவி மட்டுமே இந்தச் சட்டத்தை நாட முடியும் என்பதில்லை. ஒரே வீட்டில் வாழ்கிற, வாழ்ந்த தாய், சகோதரி, கணவனை இழந்த மருமகள், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த பெண் என யாரும் நாடலாம். எல்லா மதத்தினருக்கும் இது பொது.

2. அடுத்த வீட்டுச் சண்டை. நாம் போய் நின்றால் நம் மேல் கேஸ் வராதா?

வராது. இதற்கென அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் எந்த வழக்கும் போட முடியாது என்று அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. பாதிக்கப்பட்டவள்தான் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை; யாரும் சொல்லலாம். பாதுகாப்பு அலுவலரை இராமநாதபுரம் மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் மூலம் அணுகலாம்.

அடி விழும் நேரத்தில் உள்ளே பாய வேண்டாம். கதவைத் தட்டி "அக்கா, குடம் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். வெளியே ஆள் நிற்கிறது என்று தெரிந்தாலே பல கைகள் இறங்கிவிடும். இரண்டு பேராகப் போங்கள். மறுநாள் அவன் இருக்கும்போது அதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். நீங்கள் போன பிறகு அதற்கான அடியும் அவளுக்குத்தான் விழும்.

3. அவளே என்னிடம் சொல்லி அழுதுவிட்டாள். எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

முதலில் பேசாமல் கேளுங்கள். பிறகு "நீ சொல்வதை நம்புகிறேன், தப்பு உன் மேல் இல்லை, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும். "நீ என்ன செய்தாய்?", "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?", "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்" என்ற மூன்றையும் விழுங்கிவிடுங்கள். இவற்றைக் கேட்டுத்தான் பலர் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாசிக்குப் போகிற பெண்களிடம் நான் பார்த்த ஒன்று: கடலில் இறங்கும் முன் பாறை அறுக்காமலிருக்க விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொள்வார்கள். ஒரு கைக்குத் தானே சுற்றலாம், மறு கைக்கு இன்னொருத்தி வேண்டும். அப்படிக் கையைப் பிடித்துச் சுற்றிவிடும்போதுதான் ரவிக்கைக் கைக்குக் கீழே கன்றிப்போயிருப்பது கண்ணில் படும். அங்கேயே "இது என்ன?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டவர்களுக்கு "படகில் இடித்துக்கொண்டேன்" என்பதே பதிலாக வந்தது. கரைக்கு வந்த பின் தனியாக அழைத்துக் கேட்டவளிடம்தான் உண்மை வந்தது.

4. மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அடி அதிகம். வேலை இல்லை, குடிக்கிறார். குடியை நிறுத்தினால் சரியாகிவிடும் இல்லையா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கையில் காசில்லை, நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார், குடியும் சேர்கிறது. அடி கூடுவதற்கு இவை காரணமாகலாம். ஆனால் குடித்துவிட்டு வருகிற அதே மனிதர் படகு முதலாளியை அடிப்பதில்லை, வழியில் நிற்கும் போலீஸ்காரரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் அடிக்கிறார். யாரை அடிக்கலாம் என்ற கணக்கு அவருக்குப் போதையிலும் தெரிகிறது. குடிக்குச் சிகிச்சை நல்லது, அவசியமும்கூட. ஆனால் அவள் பாதுகாப்பை அந்தச் சிகிச்சை முடியும்வரை தள்ளிப்போட முடியாது.

நடைமுறையில் ஒன்று: அவர் கடலுக்குப் போகும் மாதங்களில் அவளுக்குத் தனியாகப் போன் பேசவாவது நேரம் கிடைக்கும். தடைக்காலத்தில் அதுவும் இல்லை. அதனால் என்ன செய்வது என்று அவளோடு பேசித் திட்டமிடுவதை ஏப்ரலுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

5. இன்று இரவே கிளம்பியாக வேண்டும் என்றால் எங்கே போவது?

181-ஐ அழையுங்கள். மாவட்டத்தில் "சகி" என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, காவல் துறை உதவி, சட்ட உதவி ஆகியவற்றோடு சில நாள் தங்க இடமும் அங்கே கிடைக்கும். நீண்ட நாள் தங்க வேண்டுமென்றால் அவர்களே காப்பகத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். பிள்ளைகளோடு வரலாமா என்பதையும், வளர்ந்த ஆண் பிள்ளை என்றால் அவன் வயதையும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தீவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கமிருந்து வெளியே வர சாலைவழி ஒன்றே ஒன்றுதான், அது பாம்பன் பாலம். ஆட்டோ ஓட்டுகிறவர் கணவரின் சொந்தக்காரராக இருந்தால் அவள் பாலம் ஏறும் முன்பே செய்தி போய்விடும். நெருக்கடி இல்லாவிட்டால் பகலில், வழக்கமாகச் சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற சாக்கில் பஸ்ஸில் வருவது பாதுகாப்பு. இரவு என்றால் 112 மூலம் காவல் துறை வாகனத்தையே கேளுங்கள்.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், மீனவர் நலவாரிய அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மருந்து மாத்திரை, கொஞ்சம் பணம், ஒரு மாற்றுத் துணி. இவற்றை ஒரே நாளில் எடுத்தால் தெரிந்துவிடும். ஒவ்வொன்றாக உங்கள் வீட்டுக்கு வரட்டும். ஆவணத்தை எடுக்க முடியாவிட்டால் நகலாவது வரட்டும். அதுவும் முடியாவிட்டால் அவள் மட்டும் வந்தால் போதும். அட்டையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். 181-ஐ அழைத்த பின் போனில் அந்த எண்ணை அழித்துவிடச் சொல்லுங்கள்.

6. போலீஸுக்குப் போனால் அவரை உள்ளே தள்ளிவிடுவார்கள். கடலுக்குப் போகிற கை அது ஒன்றுதானே?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். இதைத் தெளிவாகச் சொல்ல ஆள் இல்லாததால் எத்தனையோ பெண்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வழி இரண்டு இருக்கிறது. 1-ஆம் கேள்வியில் சொன்ன சட்டத்தின்படி நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனு கொடுத்தால் அது யாரையும் சிறைக்கு அனுப்பக் கேட்கும் மனு ஆகாது. "இனி அடிக்கக் கூடாது", "வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது", "மாதம் இவ்வளவு பணம் தர வேண்டும்", "பிள்ளைகள் தாயிடம் இருக்கட்டும்", "நகையைத் திருப்பிக் கொடு" என்ற உத்தரவுகளைத்தான் அது கேட்கிறது. அந்த உத்தரவை மீறினால் மட்டுமே குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள் வைக்கப்பட வேண்டும், 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கத்தான் செய்கிறது. அதனால்தான் மனு கொடுக்கும் நாளிலேயே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்கிறேன்.

மற்ற வழி குற்ற வழக்கு. கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமை, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவில் வருகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ-தான் அது. மூன்றாண்டு வரை தண்டனை. இதிலும் புகார் கொடுத்தவுடன் தானாகக் கைது நடக்காது. காரணம் இல்லாமல் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் விதி வகுத்திருக்கிறது. இரண்டு வழியில் எது, அல்லது இரண்டுமா என்பது அவள் முடிவு. வழக்கறிஞருக்குக் காசு இல்லையே என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தருவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. எண் 15100.

7. ஸ்டேஷனில் "பேசி அனுப்பி வைக்கிறோம்" என்கிறார்கள். மனுவை வாங்கவே இல்லை.

மகளிர் காவல் நிலையங்களில்கூட இது நடக்கிறது. எழுதிய மனுவோடு போங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது (மனுவை வாங்கியதற்கான சீட்டு) இல்லாமல் எழுந்து வராதீர்கள். அன்று அந்தத் துண்டுச் சீட்டு முக்கியமில்லாதது போலத் தோன்றும். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் தேதியைச் சொல்லப்போவது அதுதான்.

அப்படியும் மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம், அதற்கு மேல் நடுவரிடம் போகலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. அங்கே விபத்துப் பதிவேட்டில் "கணவர் அடித்தார்" என்றே எழுதச் சொல்லுங்கள். "கீழே விழுந்துவிட்டேன்" என்று ஒரு முறை எழுதிவிட்டால் எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும்.

8. வீடு மாமனார் பெயரில். எங்களுடையதோ பட்டா இல்லாத கடற்கரைக் குடிசை. அவளுக்கு என்ன உரிமை?

குடியிருக்கும் உரிமை. அது யார் பெயரில் பத்திரம் என்பதைப் பொறுத்தது இல்லை. மாமனார் பெயரிலுள்ள வீடும் "பகிர்ந்து வாழ்ந்த வீடு" ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. சொத்தில் பங்கு கேட்பது வேறு. வெளியே தள்ளாதே என்று கேட்பது வேறு. பட்டா இல்லாத குடிசையிலிருந்தும் கணவர் அவளைத் தூக்கி எறிய முடியாது.

9. ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். இதற்கு மேல் போனால் ஊரை எதிர்த்தது ஆகாதா?

ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத்தந்தை என்று முதலில் போவது நம் கடற்கரை வழக்கம். நல்ல மனிதர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள்; நள்ளிரவில் பெண்ணைத் தங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஊர் எழுதும் தாள் எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. "இனி போலீஸுக்குப் போக மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அவள் போகலாம். ஊருக்கு அபராதம் கட்டிவிட்டதால் குற்றம் தீராது.

பெரியவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: அவளை அவன் முன்னால் நிறுத்தி "நடந்ததைச் சொல்" என்று கேட்காதீர்கள். கூட்டத்தில் இருபது ஆண்கள், அவள் ஒருத்தி. அன்று அவள் சொல்லும் "ஒன்றுமில்லை" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. பாலியல் வன்முறையில் சமரசம் பேசவே கூடாது. கெடுத்தவனுக்கே கட்டிவைப்பது தீர்ப்பாகாது; அந்தப் பெண்ணுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

10. கணவர் சவூதியில். அடிப்பது மாமியாரும் நாத்தனாரும். யார் மேல் கொடுப்பது?

அவர்கள் மேலேயே கொடுக்கலாம். பெண்கள் மேல் மனு போட முடியாது என்ற பழைய வாதத்தை உச்ச நீதிமன்றம் 2016-இல் தள்ளிவிட்டது. பணம் அனுப்பாமல் நிறுத்துவது, வீடியோ அழைப்பில் எந்நேரமும் கண்காணிப்பது என்று கணவரும் அங்கிருந்தே கொடுமைப்படுத்தினால் அவரையும் சேர்க்கலாம். அவர் வராவிட்டாலும் நடுவர் ஒருதலையாக இடைக்கால உத்தரவு தரலாம். கீழக்கரையில் மணமாகித் தொண்டியில் தாய் வீட்டுக்கு வந்துவிட்டவள், இப்போது தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். போனில் மூன்று முறை தலாக் சொல்லிவிட்டார் என்றால் அது செல்லாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

11. ஒரு பெண்ணைக் கெடுத்துவிட்டார்கள். முதலில் போலீஸா, ஆஸ்பத்திரியா?

எது அருகிலோ அது. ஆனால் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சிகிச்சை மறுக்க அரசு மருத்துவமனைக்கும் உரிமையில்லை, தனியாருக்கும் இல்லை. முதலுதவியும் சிகிச்சையும் இலவசம். மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதை அவளிடம் வழியிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

குளிக்காமல், உடை மாற்றாமல் போனால் சாட்சியம் நிற்கும். மாற்றிவிட்டால் அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்துக் கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். குளித்துவிட்டாள் என்றால் அதற்காகத் திட்டாதீர்கள். அப்போதும் போகலாம், நாள் கடந்தாலும் போகலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரம்தான் கெடு. அவசரக் கருத்தடை மாத்திரையையும் 72 மணி நேரத்துக்குள் சாப்பிடுவதே நல்லது, ஐந்து நாள் வரையும் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இரு விரல் சோதனை (பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பது) தடை செய்யப்பட்டது. யாராவது செய்ய வந்தால் மறுக்கச் சொல்லுங்கள். எந்தச் சோதனைக்கும் அவள் சம்மதம் வேண்டும். கரு உண்டாகிவிட்டால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது.

அவள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2018-ஆம் ஆண்டுத் திட்டத்தில் பாலியல் வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு சொல்லப்பட்டிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திராமல் இடைக்காலத் தொகை கேட்கலாம். மனுவை 6-ஆம் கேள்வியில் சொன்ன ஆணைக்குழுவிடம் கொடுங்கள்.

12. குழந்தை சொல்கிறது. செய்தது சொந்தச் சித்தப்பா. குடும்பத்துக்குள்ளேயே கண்டித்துவிட்டால் போதாதா?

போதாது. 18 வயதுக்குக் கீழே என்றால், பெண் குழந்தையோ ஆண் குழந்தையோ, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வருகிறது. தெரிந்தவர்கள் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. "முடிவு அவளுடையது" என்று இதுவரை சொல்லிக்கொண்டு வந்தது இங்கே பொருந்தாது. 1098-ஐ அழையுங்கள்.

குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. அதிகாரி சீருடை இல்லாமல் வீட்டுக்கு, அல்லது குழந்தை விரும்பும் இடத்துக்கு வந்து கேட்க வேண்டும். அதற்கு முன் நீங்கள் துருவித் துருவிக் கேட்காதீர்கள். பெரியம்மா ஒரு முறை, பாட்டி ஒரு முறை, டீச்சர் ஒரு முறை என்று கேட்டால் பயத்தில் குழந்தை மாற்றிச் சொல்லும். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். "சொன்னது நல்லது, உன் மேல் கோபமில்லை" என்று சொல்லுங்கள். சித்தப்பா அன்றிரவு அந்த வீட்டில் படுக்கக் கூடாது.

13. கட்டிய கணவனே கட்டாயப்படுத்தினால் அதுவும் குற்றமா?

மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால் அதை வல்லுறவுக் குற்றமாக இன்றைய தண்டனைச் சட்டம் ஏற்கவில்லை. இது மாற வேண்டிய சட்டம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வழியே இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். 1-ஆம் கேள்வியில் சொன்ன நான்கு வகையில் இரண்டாவது இதுதான். பாதுகாப்பு உத்தரவு, தனியே வாழ வசதி, இழப்பீடு மூன்றையும் கேட்கலாம்.

14. பெயர் பேப்பரில் வந்துவிட்டால் தங்கைகளுக்கு வரன் வராதே?

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பத்திரிகைக்கு மட்டும் அது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவருக்கும் பொருந்தும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். ஊர் பேசுவதைச் சட்டம் தடுக்க முடியாது. ஆனால் செய்தி பெரும்பாலும் நம் போன்றவர்கள் வாயிலிருந்துதான் பரவுகிறது. அதை நாம் தடுக்கலாம்.

15. படங்களை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். பணம் கொடுத்துவிடலாமா?

வேண்டாம், கொடுத்தால் மறுபடி கேட்பான். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் எண்ணோடு படம் பிடித்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

16. மண்டபம் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழ்ப் பெண்ணுக்கு இதெல்லாம் உண்டா?

உண்டு. சட்டம் "பெண்" என்றுதான் சொல்கிறது, குடியுரிமையைக் கேட்கவில்லை. 181, சகி மையம், மருத்துவமனை, இலவச வழக்கறிஞர் எல்லாம் அவருக்கும் உண்டு.

17. இவ்வளவு செய்தோம், அவள் அவனிடமே திரும்பிப் போய்விட்டாள். இனி எங்களுக்கென்ன?

கோபம் நியாயம்தான், ஆனால் அதை அவளிடம் காட்டாதீர்கள். காசு, பிள்ளைகளின் பள்ளி, அம்மா வீட்டில் இடமில்லாமை, அவன் மேல் மிச்சமிருக்கும் பாசம், போகாவிட்டால் கொன்றுவிடுவான் என்ற பயம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிரிந்து வந்த நாட்களில்தான் ஆபத்து கூடும் என்பதை அவள் நம்மைவிட நன்றாக அறிவாள். பலர் ஒரே தடவையில் வெளியேறுவதில்லை.

வழக்கம்போலப் பேசுங்கள். கழுத்தை நெரித்தான், கத்தியைக் காட்டினான், கர்ப்பமாக இருக்கும்போது அடித்தான் என்று கேள்விப்பட்டால் மட்டும் காத்திராதீர்கள். உயிருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று அவளிடம் வெளிப்படையாகச் சொல்லி, 5-ஆம் கேள்வியில் உள்ளதை அவளோடு உட்கார்ந்து மீண்டும் திட்டமிடுங்கள்.

18. நான் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டி வருமா? அவன் ஆட்கள் என்னைச் சும்மா விடுவார்களா?

வரலாம். சம்மன் வந்தால் போக வேண்டும். அதனால் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: தேதி, நேரம், காதில் விழுந்த வார்த்தை, கண்ணால் பார்த்த காயம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். அந்த நோட்டு அவள் வீட்டில் இருக்கக் கூடாது. மிரட்டல் வந்தால் அதையும் தனிப் புகாராகக் கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்குங்கள். உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுக்கலாம். அந்த மனுவை எழுதித் தரவும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.